விளக்குமாறு கட்டிய லோரி

சைக்கிள் பந்தயத்தில் எல்லாருக்கும் பின்னால் வந்து, களைத்து விழுந்தவர்களை ஏற்றிக்கொள்ளும் லோரியை ஓட்டுகிறவனைப் பார்த்து எந்தப் பந்தயக்காரரும் சிரித்ததில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பரிமாறுகிறவர்களுக்கும், பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளைப் பிடுங்குகிறவர்களுக்கும் என் நிலைமை சொல்லாமலே புரியும். மற்ற நாள்களில் நான் செரண்டாவில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். அங்கேயும் யாரும் சிரிப்பதில்லை. கீழே வருவதெல்லாம் போன பந்தயத்தில் ஒரே நாளில் நடந்தவை. கோல சிலாங்கூரில் கிளம்பிப் பிரேசர் மலை உச்சியில் முடிகிற நாள் அது.

முகப்பில் கட்டியது

கடைசி வண்டியின் முகப்பில் விளக்குமாறு கட்டுவது ஐரோப்பாவில் தோன்றிய வழக்கம். மிச்சத்தைக் கூட்டி அள்ளும் வண்டி என்று பொருள். விதிமுறைப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதை முழுக்கப் படித்த டிரைவர் அநேகமாக நான் ஒருவன்தான். ஆனாலும் மரபு மரபுதானே என்று, பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழம் மிளகாய்க்குப் பக்கத்திலேயே புதுத் தென்னை விளக்குமாறு ஒன்றைக் கட்டினேன். பார்த்த தமிழர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

திருப்பாதவன் தினேஷ் ஒருவன்தான். புக்கிட் செந்தோசா ஊர்க்காரன். முன்பு என் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், இப்போது ஒரு குழுவில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டுகிறான். அன்று கெடு நேரத்துக்குள் உச்சியைத் தொடாவிட்டால் அடுத்த வருடம் குழுவில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். விளக்குமாற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: “அங்கள், உங்க வண்டியில நெறைய ஏறிட்டேன். இன்னிக்கு ஏற மாட்டேன்.”

சிதறுகாய்

அம்பாங் பெச்சா சந்திப்பில் தினேஷின் அம்மா சாந்தா, அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஒரு சாக்குத் தேங்காயுடன் நின்றார். தேர் வரும்போது உடைப்பதில்லையா? மகன் வரும்போது உடைக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள்? சைக்கிள் கூட்டம் கண்ணில் பட்டதும் படபடவென்று ரோட்டிலேயே உடைத்தார்கள். முன்னால் வந்தவர்கள் மிரண்டுபோய், ஆற்றுநீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல விலகிப் போய்விட்டார்கள். கூட்டத்தின் வாலில் வந்த தினேஷ் ரோட்டைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினான். ஓட்டுச் சில்லு டயரில் ஏறியது.

அவன் குழுவின் கார் தலைவனோடு முன்னால் போய்விட்டது. வேறு சக்கரம் வந்து சேர்வதற்குள் மொத்தப் பந்தயமும் கோலகுபு பாருவைத் தாண்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் மிஞ்சியது என் லோரி மட்டும். இறங்கிப்போய் சாந்தாவிடம் நடந்ததை விளக்கினேன், கொஞ்சம் விரிவாகவே. அவர் கலங்கவில்லை. “கண்ணு பட்டது டயரோட போச்சுண்ணே. இனிமே பாருங்க.”

கூட்டிய கதை

என் பக்கத்து இருக்கையில் நடுவர் புவான் ரோஸ்னா. புவான் என்றால் மலாயில் அம்மையார். கழுத்தில் கடிகாரம், மடியில் பேனா, முகத்தில் சட்டம். பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர்கள் விழுந்துவிடுவார்கள் என்று நான் விளக்குமாற்றை அவிழ்த்து, ரோட்டில் கிடந்த தேங்காய்ச் சில்லுகளை ஓரமாகக் கூட்டினேன். பெண்களும் சேலையைச் செருகிக்கொண்டு பொறுக்கினார்கள். திரும்பி வந்து விளக்குமாற்றைப் பழையபடி கட்டிக்கொண்டிருந்தபோது புவான் மலாயில் சொன்னதன் தமிழ் இது: “எத்தனையோ பந்தயத்தில இந்த விளக்குமாறைப் பாத்திருக்கேன் அங்கள். அது வேலை செஞ்சு பாக்கறது இன்னிக்குத்தான்.”

வடையின் சக்தி

மலையேற்றம் கோலகுபு பாருவை அடுத்த அணைக்கட்டில்தான் தொடங்குகிறது என்று பலரும் சொல்வார்கள். தவறு. கால்களைக் கேட்டால் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்லும். அணைக்கட்டைத் தாண்டியதும் ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். லோரியில் ஏறுகிறவர் தன் முதுகில் குத்திய எண் துணியைக் கழற்றி என்னிடம் தர வேண்டும். அந்தத் துணியை வாங்கும்போது நான் எப்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். இரண்டு ஜப்பானியர்கள் ஏறினார்கள். நெடுநெடுவென்று ஒரு பெல்ஜியக்காரர் ஏறினார். காலையில் வாங்கிய மசால் வடையை நீட்டினேன், எல்லாரும் வாங்கித் தின்றார்கள்.

தினேஷ் மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். வேகம் என்று சொல்ல முடியாது. ஸ்பீடோமீட்டர் முள் எழுந்திருக்கவே இல்லை, கிளட்ச் வாடை வந்துவிட்டது. ஆனால் அவன் ஒருமுறைகூடத் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. பெல்ஜியக்காரர் அவனையே கவனித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “கண்ணாடியை ஏத்திடுங்க. இந்த வாசனை அவன்கிட்ட போனா பாவம், இறங்கிடுவான்.”

மாமாவின் கை

உச்சிக்குப் போகும் ரோடு பிரிகிற கேப் சந்திப்புக்குக் கீழே, செங்குத்தான ஒரு வளைவில் புக்கிட் செந்தோசா மோட்டார்சைக்கிள்கள் வரிசையாக நின்றன. தினேஷின் தாய்மாமா தலைமையில் ஒரு படை. திருவிழாவில் மேட்டில் தேர் நின்றுவிட்டால் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளிப் பழகியவர்கள். சைக்கிள் ஊர்ந்து வந்ததும் மாமாவின் இரண்டு கைகளும் தானாக நீண்டன. தள்ளினால் தினேஷைப் பந்தயத்திலிருந்தே விலக்கிவிடலாம். புவான் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு ஹாரனில் கை போகவில்லை.

தினேஷ் மூச்சுக்கு நடுவே கத்தினான். மாமாவின் கைகள் அவன் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் அப்படியே நின்றுவிட்டன. கையை மடக்கவும் மனமில்லை. அடுப்பில் குளிர்காய்கிறவரைப்போல நீட்டியபடியே வளைவு முடியும்வரை கூடவே ஓடினார், படையும் அப்படியே ஓடியது. ஒரு விரல்கூடப் படவில்லை. புவான் பேனாவை மூடினார். தினேஷ் கத்தியது இதுதான்: “தொடாதீங்க மாமா. அம்மா தேங்காயே போதும் லா.”

உச்சியில்

கேப்பைத் தாண்டினால் ரோடு ஒடுங்கிவிடும், மூடுபனி இறங்கிவிடும். மலைக்குள் ரேடியோ எடுக்காததால் முதலில் வந்தவரின் நேரம் எங்களுக்குத் தெரியாது. அதை வைத்துத்தான் கெடுவைக் கணக்கிடுவார்கள். கெடு முடிந்தது என்று உறுதியாகத் தெரியாமல் ஒருவரை நிறுத்த முடியாது என்று புவான் கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நானும் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

உச்சியில் முடிவுக் கோட்டின் மேல் நிற்கும் காற்றடைத்த வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பனியில் என் லோரி விளக்கு தெரிந்ததும், கடைசி வண்டி வந்துவிட்டது, இனி யாருமில்லை என்று காற்றைத் திறந்துவிட்டார்கள். லோரிக்கு முன்னால் ஒருவன் வருவான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஹாரன் அடிப்பதைப் பற்றி விதிமுறைப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே கையை எடுக்காமல் அடித்தேன். லோரியில் இருந்தவர்கள் பலகையில் தட்டினார்கள். வேலையாள்கள் ஓடிவந்து, தொய்ந்து விழும் வளைவைப் பந்தல் தூக்குவதுபோலத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். தினேஷ் குனிந்து அதன் அடியில் நுழைந்து, கோட்டைத் தாண்டி, புல்லில் போய்ச் சாய்ந்தான். புவான் நான் நிறுத்துவதற்குள் குதித்து நேரக் கணக்கர் மேசைக்கு ஓடினார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் சட்டம் இல்லை. கெடுவுக்குள் வந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் சாந்தாவின் போன் வந்தது. எத்தனையாவது என்று கேட்டார். கடைசி என்று தினேஷ் தயங்கிச் சொன்னான். சாந்தா, சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “லோரிக்கு முன்னாடிதானே வந்த? அப்புறம் என்ன கடைசி?”

அன்று மலை உச்சிக்கு முதலில் போனவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கடைசியாகப் போனவன் நான்.