அம்மனுக்குப் பாதிப் புடவை

போன சித்திரையில், நகரி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் கங்கையம்மன் ஜாத்திரைக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கெட்ட வார்த்தையை மட்டும் எழுத மாட்டாளாம். போகட்டும்.

முதலில் கோயில் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரரின் பாட்டிக்குப் பாட்டி, ஜமீன் நிலத்தில் வேர்க்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாளாம். களைக்கொட்டு ஒரு கல்லில் பட்டு, கல்லிலிருந்து ரத்தம் பீறிட்டதாம். கட்டியிருந்த புடவையில் பாதியைக் கிழித்துக் கல்லுக்குச் சுற்றினாள். மீதிப் பாதியோடு வீட்டுக்கு நடந்தாள். வேலையை விட்டுப் போனதற்கு மேஸ்திரி ஊர் கேட்கத் திட்டினான். அந்தக் கல்தான் அம்மன். அதனால் ஜாத்திரையன்று முதல் துணி எங்கள் வீட்டுப் பாதிப் புடவை. பட்டெல்லாம் அதற்கு மேல்தான்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் கோயிலில் கருப்புக் கல்லில் தல வரலாறு எழுதி வைத்தார்கள். குப்பம் ஊரிலிருந்து வந்த பளபளப்புக் கல், முகம் பார்க்கலாம். எங்கள் கதை கல்லில் ஏறிவிட்டதென்று எனக்கு ஒரே பூரிப்பு. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

அன்று காணிப்பாக்கம் போய்விட்டு வந்த வெளியூர் அம்மா ஒருத்தி அதை வாய்விட்டுப் படித்தாள். ஜமீன்தார் கனவில் அம்மன் வந்தாளாம், அவர் பட்டு சாத்திக் கோயில் கட்டினாராம். களை வெட்டினவள் எங்கே என்று கேட்டேன். மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டு, அப்படி யாரும் இல்லையே என்றாள். ஜமீன்தார் பேர் இருக்கும் இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருஷமாக யாருக்குக் குங்குமம் வைத்தேன்?

கோயில் கமிட்டித் தலைவரிடம் தன்மையாகத்தான் கேட்டேன். நைனா என்றுகூடக் கூப்பிட்டேன். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"படிச்சவங்க எழுதுனது ஆயா அது. நீ படிச்சுப் பாத்தியா?"

இந்த வருஷம் டவுனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கிழிந்த துணி வேண்டாம், பட்டு மட்டும் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. சாப்பிட்டேன், திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

எங்கள் ஜாத்திரையில் வேஷம் கட்டுவார்கள். முகத்தில் கரி பூசி வேப்பிலை கட்டிவிட்டால் அந்த ஆள் அம்மன். அன்றைக்கு மேஸ்திரி திட்டியதற்கு அம்மன் திருப்பித் திட்டுகிறாள் என்று ஐதீகம். யாரையும் திட்டலாம். திட்டு வாங்கினவர் கைகட்டி, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். எழுபது வயதில் நான் வேஷம் கட்டினேன். மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் கரி பூசிவிட்டதே அவள்தான்.

பட்டுத் தட்டோடு வந்த தலைவரை வாசலில் மறித்தேன்.

"ஏண்டா, கொட்டு பட்டு எனக்கு ரத்தம் ஊத்தறப்ப உன் ஜமீன்தாரு எங்கடா இருந்தாரு? தூங்கிக்கினு தானே கனா கண்டாரு? துணியக் கிழிச்சவ வெயில்ல நின்னா, மெத்தையில படுத்தவன் பேரு கல்லுல ஏறுமா?"

அதற்கப்புறம் பேத்தி எழுத மறுக்கும் நாலு வார்த்தை. அவர் முகம் சிவந்துபோனது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்துக் கைகட்டினார்.

"இன்னா வேணும் தாயீ?"

"என் பாதிப் புடவ."

தோளில் போட்டிருந்த புடவையை அங்கேயே கிழித்தேன். பிள்ளை பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த புதுப் புடவை அது. ஆத்திரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறேன். அம்மன் அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் பட்டு ஏறியது.

கல் இன்னும் மாறவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்கிறார் தலைவர். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைக்கிறேன், அந்த அம்மா தொட்டுக் காட்டிய இடத்தில் மட்டும், எழுத்து முழுகும்படி. எழுத்தென்றாலே கும்பிட்டுக் கிடந்தவள் நான். இப்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரைக் கேட்காமல் என் கை குவிவதில்லை.