துறைமுக மதுவகமும் என் மனைவியின் பியானோவும்

இதை எழுதியே ஆகவேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளியவர்கள் என் உறவினர்களே. சென்ற மாதம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் ஒரு திருமணப் பந்தியில் என் சிற்றப்பா மகன், பக்கத்து இலைக்காரர்களுக்கும் கேட்கும்படி, "என்ன அண்ணாச்சி, சீமையில உங்க சாயங்கால ஜெபமெல்லாம் சாராயக்கடையிலதானாம்லா?" என்றான். பந்தியே சிரித்தது. மதுவைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டு தலைமுறைகள் கடந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. மதுவகத்திற்கு நாங்கள் சென்றது உண்மை. குடித்தோம் என்பது பொய். ஆயினும் அங்கே நான் தெளிந்த மனத்தோடு அமர்ந்திருந்தேன் என்றும் சொல்வதற்கில்லை. நான் அங்கே பருகியது பொறாமை ஒன்றைத்தான். அதன் வரலாற்றை நானே எழுதிவிடுவது நல்லது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் மூத்த மகள் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சிறு துறைமுக நகரில் செவிலியாகப் பணியாற்றிவந்தாள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த நான், கோடை விடுமுறையில் மனைவியுடன் அவளைக் காணச் சென்றேன். நம் ஊரில் தார் உருகும் அந்த மாதங்களில் அங்கே கம்பளியின்றி வெளியே நிற்க இயலவில்லை. சென்ற மறுநாளே கடற்சுவர் ஓரமாக நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மகள் எங்களை ஒரு தாழ்ந்த கதவின் முன் நிறுத்தினாள். மேலே தொங்கிய பலகையைப் படித்துவிட்டு நான் பின்வாங்கினேன்.

"உள்ள வாங்கப்பா. இங்கன சூடா சாப்பாடு கிடைக்கும். இந்த ஊரு ஐயரே இங்கதான் வந்து சாப்பிடுதாரு" என்றாள். குருவானவரே வருகிறார் என்ற பிறகு நான் மழையில் நிற்பதற்குக் காரணம் இல்லாமற்போயிற்று.

உள்ளே நான் எதிர்பார்த்த கூச்சல் இல்லை. புகையேறிக் கறுத்த உத்திரங்கள், கைக்கு எட்டும் உயரத்தில் மச்சு, கணப்பில் எரியும் நெருப்பு, அதன் எதிரே ஈரம் உலராத ஒரு நாய். வலைஞர் இருவரும் பள்ளி ஆசிரியர் ஒருவரும் வங்கி அலுவலர் போன்ற தோற்றமுடைய ஒருவரும் ஒரே பேச்சில் கலந்திருந்தனர். என் முதற்பொறாமை அப்போதே எழுந்தது. அது என் ஊருக்காக எழுந்த பொறாமை. முத்துக்குளிப்பு நடந்த நாள்களில் பல நாட்டு வணிகர் வந்து காத்துக் கிடந்த கரை எங்களுடையது. புதிய துறைமுகமும் அப்போதுதான் இயங்கத் தொடங்கியிருந்தது. எனினும் தோணிக்காரரும் உப்பள முதலாளியும் கல்லூரி ஆசிரியரும் ஒரு கூரையின்கீழ் மாலைப்பொழுதைக் கழிக்க எங்களுக்கு ஓர் இடம் வாய்க்கவில்லை. கடற்கரைக்குச் சென்றாலும் அவரவர் மணல் அவரவருக்கு.

இரண்டாம் பொறாமை அந்த அறையின் மூலையில் காத்திருந்தது. அங்கே ஒரு பழைய பியானோ நின்றது. அதன் மேல் யாரோ வெற்றுக் குவளைகளை வைத்திருந்தார்கள். என் மனைவி மீனையும் உருளைக்கிழங்கையும் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதுவகத்தை நடத்திய அம்மையார், பருத்த கைகளும் உரத்த சிரிப்பும் உடையவர், அந்தப் பார்வையைக் கண்டுகொண்டார். குவளைகளை அகற்றிவிட்டு, விருப்பமானால் வாசிக்கலாம் என்றார். இவள் மறுத்துவிடுவாள் என்று நான் உறுதியாக எண்ணினேன். அவளோ சேலைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்து சென்றாள்.

நாசரேத்துப் பெண்கள் பள்ளியில் மிஷனரி அம்மையார் ஒருவரிடம் அவள் அக்கருவியைக் கற்றவள். பெண் பேசியபோது தையலோடும் பூவேலையோடும் சேர்த்து இதையும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பியானோ இல்லை. எங்கள் கோயிலில் இருந்த கருவியை நான் அறிந்த நாள்முதல் ஒரே மனிதர் வாசித்துவந்தார். ஆகவே இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இல்வாழ்வில் நான் அவள் வாசித்துக் கேட்டதில்லை.

அவள் ஒரு ஞானப்பாட்டின் மெட்டை வாசித்தாள். கப்பல்களைத் துறைக்குள் வழிநடத்தி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் நெருப்பருகிலிருந்து ஆங்கிலத்தில் பாடத் தொடங்கினார். அடுத்த அடிக்குள் அறை முழுதும் பாடிற்று. அப்பாட்டின் தமிழாக்கத்தில் உள்ள குறைகளைப் பற்றி நான் ஒரு மணிநேரம் உரையாற்றக்கூடியவன். அதன் இசை இத்தகையது என்பதை அன்றுதான் அறிந்தேன்; அறையில் இருந்த அத்தனை பேருடனும் பங்கிட்டுக்கொண்டு அறிந்தேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அவளை எதிர்பார்த்தார்கள். அவளுக்கென்று இருக்கையில் ஒரு மெத்தை போடப்பட்டது. பியானோவின் மேல் மதுவற்ற இஞ்சிநீர்க் குவளை தயாராக இருந்தது. நான் ஒருநாளும் வாய்விட்டு அழைத்திராத அவள் பெயரை, அவ்வூரார் பாதியாகச் சுருக்கி அறையின் குறுக்கே கூவினார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். அந்த முதியவர் ஒரு பழைய பாட்டுநூலைக் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று தாள் புரட்டினார். பெரும்பாலும் அவள் நினைவிலிருந்தே வாசித்தாள். தாள் புரட்ட வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

"அப்பா, உங்க மூஞ்சியப் பாத்தா ஏதோ கப்பல் முங்கிப்போன மாதிரில்லா இருக்கு" என்றாள் மகள். நான் நெருப்பின் புகை கண்ணில் படுகிறது என்றேன்.

உண்மையில் எனக்கு இருந்தது அச்சம். வீட்டில் அவள் சிரிப்பது உண்டு. ஆனால் விரல்களைப் பார்க்காமல், தலையைச் சற்றே சாய்த்து, அடுத்த பாட்டை யார் கேட்பார்கள் என்று காத்திருக்கும் இந்தப் பெண்ணை நான் அறியேன். ஊர் திரும்பும்போது என்னோடு வருபவள் பழையவள் மட்டும்தானோ, இவளை இந்த மதுவகமே வைத்துக்கொள்ளுமோ என்று அஞ்சினேன்.

புறப்படுமுன் வந்த கடைசி வெள்ளியன்று, பெட்டிகளைக் கட்ட வேண்டும், போகவேண்டாம் என்றேன். பெட்டிகள் காலையிலேயே கட்டியாயிற்று என்றாள். அவளும் மகளும் முன்னே செல்ல, நான் உள்ளே நுழையாமல் கடற்சுவரருகே நின்றேன். மஞ்சள் ஒளி படிந்த கண்ணாடி வழியே அவள் முதுகும் அந்த முதியவரின் கையும் தெரிந்தன. பாட்டு பாதியில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள்.

"என்னங்க, காத்துல நிக்கியளே. உள்ள வாங்க."

"அவர்களுக்கு வாசிக்கிறாய். எனக்கென்று ஒருநாளும் வாசித்ததில்லை" என்றேன். மேடையில் பேசும் தமிழில்தான் அது வந்தது. வேறு தமிழ் அப்போது அகப்படவில்லை.

அவள் முகத்தில் சினமில்லை. "சரி, இப்ப வாசிக்கேன். எந்தப் பாட்டு வேணும், சொல்லுங்க."

பல்லாயிரம் பாடல்களை மனப்பாடமாக வைத்திருப்பவன் நான். அவள் வாசித்தவற்றில் ஒன்றையேனும் இன்னது என்று சொல்ல இயலவில்லை. முதல்நாள் வாசித்ததை வாசி என்றேன். எது என்றாள். கடற்காற்றில் நின்று, வாழ்வில் முதன்முறையாக, ஒரு மெட்டை முனக முயன்றேன்.

"அது எந்தப் பாட்டும் இல்ல" என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். "ஆனா தெரியுது. வாங்க."

உள்ளே சென்று, முதியவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். அவர் மரியாதையுடன் விலகினார். அவ்விலகலையும் நான் விரும்பவில்லை. அவள் வாசித்தாள். முதல் இரண்டு அடிகள் எனக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. பிறகு அறை பாடத் தொடங்கிவிட்டது.

ஊர் திரும்பியதும் அவளே சென்று எங்கள் ஐயரிடம் பேசினாள். புதன்கிழமை மாலை ஆராதனைக்கு அவளை வாசிக்கவிட்டார்கள். நான் கருவிக்கு மிக அருகில் உள்ள இருக்கையில் அமர்கிறேன். பின்னால் சபையார் உரக்கப் பாடுவது இன்றும் எனக்கு இடையூறாகவே இருக்கிறது.

நாள்களும் முறையும் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. முதல்நாள் வாசித்த ஞானப்பாட்டு எது என்பதில் எனக்கும் மகளுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மனைவி தீர்ப்புச் சொல்ல மறுக்கிறாள். பிழை கண்டோர் எழுதித் தெரிவித்தால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன். அந்த முதியவர் தாள் புரட்டியது உதவியின்பொருட்டு மட்டுமே என்று எவரேனும் உறுதியாக அறிந்திருந்தால், அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.