கழுகுமலை டிரைவருக்கு எழுதாத கார்டு

போன வாரம் ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேருக்குச் சண்டை. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கு ரெண்டாம் பாகம் வருதுன்னு சொல்லி வருசக்கணக்காச்சாம், செய்யுறவன் மூச்சே விடலையாம். "குடுத்த கேம விளையாண்டாச்சுல்ல, அதுக்கு மேல அவன் உனக்கு என்ன கடமைப்பட்டிருக்கான்?"னு ஒருத்தன். "ஒரு வரி சொன்னா வாயா தேஞ்சு போகும்?"னு இன்னொருத்தன். கடைசியில என்னையப் பாத்து, "நீங்க சொல்லுங்க மேடம், நீங்க அந்தக் காலத்துலயே கேம் பண்ணின ஆளாச்சே"ன்னானுக. தயிர்சாதத்துல பாதி அப்படியே இருக்க, டப்பாவ மூடிட்டு எந்திரிச்சுட்டேன். பதில் தெரியாம இல்ல. தெரிஞ்சதுனாலதான்.

சுத்தி வளைக்காம சொல்லிருதேன். நான் செஞ்ச ஒரு கேமோட ரெண்டாம் பாகத்துக்குக் காத்திருந்ததுல ஒரு மனுசனுக்குக் கண்ணு போச்சு. வருமா வராதான்னு கேட்டு எழுதிக்கிட்டே இருந்தாரு. நான் பதில் போடல.

அப்ப நான் கோவில்பட்டியில, ஒரு ஜவுளிக்கடை மாடியில இருந்த கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துக்கிட்டிருந்தேன். ரெண்டாயிரம் பிறந்து ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். எங்க அண்ணன் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு லேபிள் வரையுறவன். மயில், கிளி, குதிரை, எது கேட்டாலும் அரை நாள்ல போட்டுக் குடுத்துருவான். ரெண்டு பேரும் சேந்து ஒரு கேம் பண்ணினோம். வேற ஒண்ணுமில்ல, ஒரு மினிபஸ். கோவில்பட்டியில கிளம்பி எட்டயபுரம், விளாத்திகுளம் வழியா கொளத்தூர் போகணும். வழியில மிளகாவத்தல் மூட்டையோட ஒரு அம்மா ஏறுவா, ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டு ஒரு தாத்தா ஏறுவாரு, டிக்கெட் எடுக்க மாட்டேன்னு ஒருத்தன் சண்டை போடுவான். எல்லாம் தமிழ்ல. கொளத்தூருக்குக் கொஞ்சம் முன்னால மழை கொட்டும், கரிசல் சேத்துல பஸ் மாட்டிக்கிடும். அதோட முதல் பாகம் முடிஞ்சுது. திரையில எங்க அண்ணன் பெரிய எழுத்துல வரைஞ்சு வச்சான்: "மீதி அடுத்த பாகத்தில். விரைவில்!"

அந்த விரைவில்தான் வினை.

சிடி போட்டு அங்கன இங்கன இருந்த பிரவுசிங் சென்டருக்கெல்லாம் குடுத்தோம். அட்டையில எங்க சென்டர் அட்ரஸ். முதல்ல வந்த கார்டு கழுகுமலையில இருந்து. எழுதினவரு ஒரு பஸ் டிரைவர், எங்க கேம்ல வார அதே ரூட்டுல ரொம்ப வருசம் வண்டி ஓட்டினவராம். மக பாலிடெக்னிக் படிக்கா, வீட்டுல அவளுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, அதுல விளையாடுதேன்னு எழுதியிருந்தாரு. கூடவே ஒரு குத்தமும் கண்டுபிடிச்சிருந்தாரு. "கண்டக்டர் ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கணும், ரெண்டு அடிச்சாப் போகணும். நீங்க மாத்தி வச்சிருக்கீங்க. இப்படி ஓட்டினா பயணி கீழ விழுந்துருவான்." எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு. அன்னைக்கே பதில் எழுதினேன்: அண்ணாச்சி, தப்புதான், அடுத்த பாகத்துல சரிபண்ணிருதோம்.

அடுத்த கார்டுல விசயத்த உடைச்சுச் சொல்லிட்டாரு. கண்ணுக்குள்ள பிரஷராம், ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டு வருதாம். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்துலதான் தெரிஞ்சுதாம், அதோட வண்டி ஓட்டுறது நின்னு போச்சு. "மதுரையில ஆபரேசன் பண்ணணும்ங்காங்க. போன பார்வை வராதாம், இருக்குறதக் காப்பாத்தலாமாம். சில பேருக்கு அதுல இருக்குறதும் போயிரலாமாம். அதனால நம்ம பஸ் கொளத்தூர் போய்ச் சேருறத ஒரு தரம் பாத்துட்டுப் போவோம்னு இருக்கேன். எப்ப வரும்னு ஒரு வரி எழுதுங்க. வராதுன்னாலும் எழுதுங்க, நான் பாட்டுக்கு மதுரைக்குப் போயிருவேன்."

சத்தியமாச் சொல்லுதேன், அந்தக் கார்ட நான் சந்தோசமா வாசிச்சேன். அடேயப்பா, நம்ம கேமுக்கு ஒரு மனுசன் இப்படிக் காத்திருக்காரேன்னு சென்டர்ல எல்லாருக்கும் காட்டினேன். அதுல இருந்த கண்ண நான் பாக்கல. என் பெருமையத்தான் பாத்தேன். சீ!

ரெண்டாம் பாகம் நகரல. சேத்துல மாட்டின சக்கரம் சுத்துற மாதிரி எழுதணும், அது எனக்குப் பிடிபடவே இல்ல. ஆக்சிலேட்டர அமுக்கினா ஒண்ணு பஸ் ஆகாசத்துல பறக்கும், இல்லன்னா பூமிக்குள்ள போயிரும். நாலு மாசம் மல்லுக்கட்டினேன். அதுக்குள்ள அண்ணனுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு, கோயமுத்தூர்ல வேலையும் கிடைச்சுது. போகும்போது, "நீ மெதுவாப் பாரு, நான் லீவுல வந்து வரைஞ்சு தாரேன்"ன்னான். லீவுல வந்தான், பொண்டாட்டியோட திருச்செந்தூர் போயிட்டு அப்படியே ரயிலேறிட்டான். ரெண்டாம் பாகம் வராதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வெளிய சொல்லல, அவ்வளவுதான்.

ஏன் சொல்லலன்னா, எங்க வீட்டு வளப்பு அப்படி. அப்பா பலசரக்குக் கடை வச்சிருந்தாரு. கடையில 'இல்ல'ங்கிற சொல்லு வரப்படாது. சீனி தீந்து மூணு நாளாயிருக்கும், "அண்ணாச்சி, சீனி இருக்கா?"ன்னா, "சாயந்தரம் வருது, வாங்க"ம்பாரு. வெறும் டப்பாவத் திறந்துகூடக் காட்ட மாட்டாரு. சின்னப் பிள்ளையில ஒருதரம் கல்லாப்பக்கம் நின்னுக்கிட்டு "பருப்பு இல்ல"ன்னு சொல்லிட்டேன். நடுமண்டையில ஒரு கொட்டு விழுந்துச்சு பாருங்க, கண்ணுல பூச்சி பறந்துச்சு. இல்லன்னு சொன்னா அந்தப் பொருளு நம்ம வீட்டுலயே இல்லாமப் போயிருமாம்.

நான் போன் போட்டு அண்ணன்கிட்டக் கேட்டேன், அந்த டிரைவருக்கு என்ன எழுதன்னு. "ஏட்டி, என்னன்னு எழுதுவ? வராதுன்னா? ஆரம்பிச்ச காரியத்துக்கு அந்த வார்த்தைய நம்ம கையால எழுதலாமா? சும்மா இரு, முடிச்சதும் மொத்தமாச் சொல்லிக்கிடலாம்"ன்னான். வருதுன்னு எழுதினாப் பொய். வராதுன்னு எழுதக் கை வரல. ரெண்டும் எழுதாம இருந்தா யாருக்கும் கெடுதல் இல்லன்னு நினைச்சேன். பேசாம இருக்குறதும் ஒரு பதில்தான்னு, அத அவரு 'வந்துரும்'னு எடுத்துக்கிடுவாருன்னு, எனக்குத் தோணவே இல்ல.

கார்டு வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் எழுத்துப் பெருசாச்சு. முதக் கார்டுல பொடி எழுத்துல பத்துப் பன்னெண்டு வரி இருந்துச்சு. அப்புறம் ஆறு வரி, அப்புறம் மூணு. ஒரு வரி மேலயே இன்னொரு வரி ஏறி விழுந்து கெடக்கும். "ஆடி கழியட்டும்னு இருக்கேன்." "தீவாளிக்கு விடுவீங்களோ?" "பொங்கலுக்குள்ள தெரிஞ்சா நல்லாருக்கும்." கடைசிக் கார்டுல, முழு அட்டைக்கும் ரெண்டே சொல்லு: வருமா, வராதா?

எல்லாத்தையும் அடுக்கி ரப்பர்பேண்டு போட்டு மேசை டிராயர்ல வச்சேன். பத்திரமாத்தான் வச்சேன்.

அப்புறம் கார்டு நின்னுபோச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு, அதையும் மறைக்க வேண்டாம்.

ஒருநாள் காலையில சென்டருக்கு ஒரு பொண்ணு வந்தா. கழுகுமலைன்னு சொன்னதுமே யாருன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. டிரைவரோட மக. "எங்கப்பாவுக்கு இப்பச் சுத்தமாத் தெரியலக்கா. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம், ரொம்பப் பிந்தி வந்துட்டீங்கன்னுட்டாக. அந்தக் கேம் வந்துருச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ. வந்திருந்தா நான் ஓட்டுவேன், அவிய பக்கத்துல இருந்து கேப்பாவ." கோவமே இல்லாம கேட்டா. ரெண்டு அறை விட்டிருந்தா நல்லாருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்கு வாரேன்"னு சொல்லி அனுப்பிட்டேன். பாருங்க, அப்பவும் நான் பதில் சொல்லல.

ஞாயித்துக்கிழமை போனேன். கட்டில்ல உக்காந்திருந்தாரு, சவரம் பண்ணி, வெளுத்த சட்டை போட்டு, ஆபீசர் யாரோ வாரது மாதிரி தயாரா இருந்தாரு. கம்ப்யூட்டரையும் மக போட்டு வச்சிருந்தா. நான் நின்னமேனிக்கே சொன்னேன், "அண்ணாச்சி, அது வராது. நான் முடிக்கல. எனக்கு முடிக்கத் தெரியல. வராதுன்னு எனக்கு ஒன்றரை வருசமாத் தெரியும்."

"சரி தாயி, அதுக்கென்ன"ன்னாரு. "கம்ப்யூட்டர அமத்திரு"ன்னு மககிட்டச் சொன்னாரு.

அவரு சம்சாரம்தான் அடுக்களை வாசல்ல நின்னு கேட்டாவ. "ஏம்மா, இத ஒரு கார்டுல எழுதியிருக்கக் கூடாதா? நான் தினமும் கால்ல விழாத குறையா மதுரைக்குக் கூப்பிட்டேன். இவிய கேக்கல. 'அந்தப் பிள்ள முதக் கார்டுக்கு அன்னைக்கே பதில் போட்டா, வராதுன்னா வராதுன்னு எழுதியிருப்பா, எழுதலன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம்'னாவ. உன்னைய அம்புட்டு நம்பினாவளே!" முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டாவ. காப்பி மட்டும் மக கையில வந்துச்சு. எப்படிக் குடிச்சேனோ.

கேம் செய்யுறவன் சொல்லக் கடமைப்பட்டிருக்கானா இல்லையான்னு இப்ப எத்தனையோ பேரு எத்தனையோ நியாயம் பேசுதாங்க. வேலை செய்யுறவன நச்சரிக்கப்படாதுங்காங்க, அதுவும் வாஸ்தவந்தான். ஆனா 'விரைவில்'னு ஒருத்தன் எழுதிட்டான்னா, அங்கன எவனோ ஒருத்தன் அத நம்பி தன் வாழ்க்கையில ஒண்ணத் தள்ளி வைப்பான். என்னத்தத் தள்ளி வைக்கான்னு எழுதினவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், எழுத்துல வந்துச்சு. அதனால மத்தவன் மாதிரி எனக்குச் சாக்கும் இல்ல.

கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம்னேன், கேக்காம மக கையப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாரு. கோவில்பட்டி வண்டி வந்துச்சு. கூட்டம் நெருக்கினதுல நான் நாலடி தள்ளிப் போயிட்டேன். மக அந்தப் பக்கம் திரும்பி வண்டி போர்டப் பாத்துக்கிட்டிருந்தா. அவரு முதல்ல நான் நின்ன இடத்தப் பாத்தே நின்னாரு. அங்கன கூடையோட யாரோ ஒரு அம்மா நின்னுக்கிட்டிருந்தா. அவளப் பாத்துச் சிரிச்சு, "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத தாயி. பத்திரமாப் போயிட்டு வா, என்ன?"ன்னாரு. பதிலுக்குக் காத்துக்கிட்டு முகத்த அப்படியே வச்சிருந்தாரு.

அண்ணாச்சி, நான் இங்கன நிக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒண்ணும் சொல்லாம வண்டியில ஏறிட்டேன்.