கல்குழியிலிருந்து வந்த சக்கரம்

பழைய சைக்கிள் சக்கரங்களில் துரு எடுப்பதுதான் கம்பியின் பிழைப்பு. ஆள் ஒல்லி, எந்நேரமும் சக்கரக் கம்பிகளோடு மல்லுக்கட்டு. அதனால் அந்தப் பெயர். அவர் கை பட்ட ரிம்மில் முகம் பார்த்துச் சவரமே செய்யலாம் என்பார்கள்.

ஒருநாள் பழைய சைக்கிள்கள் சேர்க்கும் பல் டாக்டர் ஒரு பெண்கள் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினார். வண்டி முழுக்கச் சேறும் துருவும்.

"கல்குழிய மூடுறதுக்குத் தண்ணிய எறைச்சாங்கல்ல, அதுல கெடைச்சுது. சக்கரமாவது தேறுமா?"

"தேத்திடலாம் சார்."

கம்பி சக்கரங்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். மறுநாள் பின்சக்கரத்தை பிரஷ்ஷால் தேய்த்தார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஹப்பைத் துடைக்கும்போது கை நின்றுவிட்டது. வலப்பக்கம் ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைத் தாண்டிப் பின்னியிருந்தது. இடப்பக்கம் இரண்டைத்தான் தாண்டியிருந்தது. அந்தப் பக்கம் ரிம்மில் நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை யாரோ அரத்தால் ராவி ஒப்பேற்றியிருந்தார்கள்.

யாரோ இல்லை. இளவட்ட வயதில் தங்கையின் வண்டிக்கு அவரே பின்னியது. அவர் பின்னிய முதல் சக்கரம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு பக்கமும் ரெண்டு தினுசா இருக்கு! ஓடுதுல்லண்ணே, விடு" என்று ஏறி மிதித்தாள்.

அந்த வருஷமே, மழை கொட்டிய ஒரு நாளில், தையல் வகுப்புக்குப் போனவள் திரும்பவில்லை. யாரோடோ கம்பி நீட்டிவிட்டாள் என்றது தெரு. அப்பாவும் அதையே நம்பினார். "ஓடிப்போனவள தேடுனா நமக்குத்தான் அசிங்கம்" என்றார். அவள் போகும் வழியில்தான் கல்குழி இருந்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கம்பி சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினார்.

"பழைய வண்டின்னா எல்லாம் ஒரே மாதிரிதான்டா இருக்கும்."

"நான் பின்னுனதுண்ணே."

அண்ணன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாம இத்தன வருஷமா அவளத் திட்டிக்கிட்டு..."

இருவரும் கல்குழிக்குப் போனார்கள். குழி இல்லை. மண் கொட்டி மூடியிருந்த இடத்தில் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. "அடியில ஒரே குப்பை, சேறு. அப்படியே மூடியாச்சு" என்றார் மேஸ்திரி. போலீஸ் ஸ்டேஷனில், "காணோம்னு அப்பவே புகார் குடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றார் அண்ணன். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். யாரும் பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் டாக்டர், "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பியால் வேலையை முடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. துரு போகப் போக இரும்பும் போனது. ஒருநாள் அழுத்தித் தேய்த்ததில் ரிம் பிட்டுக்கொண்டு கையோடு வந்தது.

"அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத" என்றிருந்தார் அண்ணன்.

அன்று மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள். "அவளுக்கு இப்ப பேரப்புள்ளைங்களே பொறந்திருக்கும், இல்ல?"

"பொறந்திருக்கும்மா."

"அப்பாவும் போயிட்டாரு. இனிமே யாருக்குப் பயப்படணும்? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போலாம்ல?"

கம்பி சோற்றைப் பிசைந்தார்.

"நீயாவது தேடிப் பாரேன்டா" என்றாள் அம்மா.