கிளிப் எந்தக் கேபிளில் இருக்கிறது?

போன மாதம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா என் மேஜையைத் துடைத்தபோது, ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கேபிளைக் கவ்விக்கொண்டிருந்த நீலநிறத் துணிக் கிளிப்பைக் கழற்றி எடுத்துப்போய், மாடிக் கொடியில் என் சுடிதாருக்கு மாட்டிவிட்டார். அலுவலகத்திலிருந்து வந்து உட்கார்ந்ததும் என் கண் முதலில் போனது அங்கேதான். கிளிப் இல்லை. மேஜைக்கு அடியில் தேடினேன், அலமாரியைக் கலைத்தேன், கடைசியில் மாடிக்கு ஓடி அது கொடியில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மறுநாள் அந்த அக்காவிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். "கடையில டஜன் டஜனா விக்கிற கிளிப்புக்கா இம்புட்டு ஆத்திரம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்வதென்றால் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும், பேரையூர்ப் பக்கத்துப் பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அன்றைக்கு வந்து இன்னும் முழுசாகப் போகாத ஒரு பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மதினி என் அண்ணனின் மனைவி. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. கல்யாணமாகி எங்கள் வில்லாபுரம் வீட்டுக்கு வந்தபோது சீர் பாத்திரங்களோடு ஒரு சால்டரிங் அயர்னும் வந்து இறங்கியது. அமெச்சூர் ரேடியோ என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. அரசாங்கம் வைக்கும் தேர்வில் தேறினால் உரிமமும் அழைப்புக்குறியும் தருவார்கள். சொந்தமாக ரேடியோ வைத்துக்கொண்டு எங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்களோடு பேசலாம். மதினி கல்யாணத்துக்கு முன்பே உரிமம் வாங்கியவர். பேசுவதற்கு வீட்டிலேயே துணை வேண்டும் என்று என்னையும் தேர்வு எழுத வைத்தார். அண்ணனுக்கு இதில் எந்த ஆர்வமும் கிடையாது. அவருக்கு மதினி மேல் ஆர்வம். அதனால் பேட்டரி தூக்குவதும் ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர் வேலையாகிவிட்டது.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். இடி இடித்தால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கட்டில் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். மதினி அதற்கு நேர் எதிர். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போல்ட்டு முடுக்குவார். கீழே நின்று நான் கத்தினால், "பயம் வந்தா வரட்டும் தாயி. அதுக்கு ஒரு சேரப் போட்டு உக்கார வையி, நீ வேலையப் பாரு" என்பார். வெளியே அவரைத் திட்டினாலும், உள்ளுக்குள் அந்தத் துணிச்சலில்தான் நான் சாய்ந்துகொண்டிருந்தேன். வீட்டில் பயப்படாத ஆள் ஒருத்தி இருந்தால், மற்றவர்கள் நிம்மதியாகப் பயப்படலாம்.

இனி அந்தப் பெட்டி. எங்களிடம் இருந்தவை சிற்றலை ரேடியோக்கள். 'இரண்டு மீட்டர்', 'எழுபது சென்டிமீட்டர்' என்று நாங்கள் சொல்லும் உயர்ந்த அலைகளை அவற்றால் எட்ட முடியாது. நடுவில் டிரான்ஸ்வெர்ட்டர் என்ற பெட்டியை வைத்தால், அது நம் பேச்சை வாங்கி அந்த உயரத்துக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து வருவதையும் இறக்கிக் கொடுக்கும். மதினியும் நானும் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை வரவழைத்து, சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பற்றவைத்து முடித்தோம். முன்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் இரண்டு மீட்டர், இன்னொரு பக்கம் திருப்பினால் எழுபது சென்டிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனித்தனி கேபிள், தனித்தனி ஆன்டெனா. ஆனால் ரேடியோவுக்கு இதெல்லாம் தெரியாது. பெட்டி எந்த அலைக்கு ஏற்றினாலும், ரேடியோவின் முகப்பில் தெரியும் எண் ஒன்றுதான்: இருபத்தெட்டு. நாம் எங்கே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த எண் சொல்லாது. குமிழ்தான் சொல்லும்.

நான் என் சுபாவப்படி ஒவ்வொரு முறையும், "இப்ப எந்த பேண்டு மதினி, ரெண்டு மீட்டரா, எழுபதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்தச் சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு அது அலுத்துவிட்டது. பேரையூருக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறை மேல் ஏறி, அங்கிருந்து மதுரைக்கு இரண்டு அலைகளிலும் பேசிப் பார்ப்பது திட்டம். அண்ணனும் அவரும் காரில் ஏறினார்கள். "சும்மா எந்த பேண்டு, எந்த பேண்டுன்னு நச்சரிக்காத தாயி. எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதனால் அன்று முழுக்க நான் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு மீட்டரில் மதினியின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுபது சென்டிமீட்டருக்கு மாறினோம். அது மெல்லியதாக வந்தது, போனது, மறுபடி வந்தது. "இது தேறாது. திரும்ப ரெண்டு மீட்டருக்கே வந்துரு" என்றார். நான் குமிழைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. ஹெட்போனில் 'கரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேற்கே வானம் கருங்கல் நிறத்தில் எழும்பி நின்றது. அந்தக் 'கரக்' ஒவ்வொன்றும் ஒரு மின்னல். அந்த மேகத்துக்குக் கீழேதான் எங்கேயோ ஒரு மொட்டைப் பாறையும், அதன் உச்சியில் ஓர் இரும்புக் குழாயும், அதன் பக்கத்தில் என் அண்ணனும் மதினியும் இருந்தார்கள்.

கைபேசியில் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அந்தப் பாறையில் சிக்னல் கிடையாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். ரேடியோவில் கூப்பிட்டேன், காத்திருந்தேன், மறுபடி கூப்பிட்டேன். இறங்கி வந்துகொண்டிருப்பார்கள், அதனால்தான் பதில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மதினி சொல்லாமல் ரேடியோவை அணைக்கமாட்டார். கடைக்குப் போவதென்றாலும் முறைப்படி விடைபெற்றுவிட்டுத்தான் அணைப்பார். மின்னல் விழுந்த உடம்பு எப்படியிருக்கும் என்று எப்போதோ செய்தித்தாளில் படித்தது நினைவுக்கு வந்தது. வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே அந்த எண்ணைப் பார்த்தபடி இருந்தேன். இருபத்தெட்டு. இருபத்தெட்டு.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மதினியும் இதே எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் குமிழைத் திருப்ப மறந்திருந்தால்? எண் சரியாகத்தான் இருக்கிறது, இவள்தான் பதில் பேச மாட்டேன் என்கிறாள் என்று நினைத்திருப்பார். நான் என் குமிழை எழுபது சென்டிமீட்டருக்குத் திருப்பினேன். இரைச்சல். அதற்கடியில் ஒரு கீச்சுச் சத்தம். எண்ணை மயிரிழை அளவு நகர்த்தினால் அது குரலாகும்போல் இருந்தது, ஆகவில்லை. மனிதக் குரல்தான். என்ன சொல்கிறது என்று புரியவில்லை. வெளியே மரங்களை வளைத்துக்கொண்டிருந்த காற்று நம் மாடி ஆன்டெனாவையும் திருப்பிவிட்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. அதைத் திருப்ப மோட்டார் எல்லாம் கிடையாது. மாடிக்குப் போய் இரும்புக் குழாயைக் கையால் பிடித்துத்தான் திருப்ப வேண்டும்.

அதற்குள் மழை வில்லாபுரத்துக்கே வந்துவிட்டிருந்தது. மாடிக் கதவைத் திறந்தபோது என் கால் வாசற்படியைத் தாண்ட மறுத்தது. நிஜமாகவே மறுத்தது, நான் அதைக் கையால் தூக்கி வைக்காத குறை. பயத்துக்குச் சேர் போடச் சொன்ன ஆளே அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருக்கும்போது நான் யாரிடம் போய்ச் சாய்வது? ஓடிப்போய்க் குழாயைக் கட்டிப்பிடித்தேன். ஈரத்தில் கை வழுக்கியது. எந்தப் பக்கம் திருப்புவது என்பது அடுத்த பிரச்சினை. திருப்பரங்குன்றம் மலைக்குக் கொஞ்சம் இடது பக்கமாக வைத்தால் பேரையூர் என்பது எங்கள் கணக்கு. மழையில் மலையே தெரியவில்லை. அப்போது ஒரு மின்னல் வெட்டியது. நான் அலறினேன். ஆனால் அந்த வெளிச்சத்தில் மலை வெள்ளைவெளேரென்று எதிரே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குழாயை அந்தப் பக்கம் திருப்பி முடுக்கிவிட்டு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன்.

ஹெட்போனை மாட்டியதும் குரல் தெளிவாகக் கேட்டது. முதலில் அது மதினி என்று என்னால் நம்ப முடியவில்லை. "யாராச்சும் கேக்குறீகளா? அய்யா, யாராச்சும் இருக்கீகளா? எங்க வீட்டுக்காரர் விழுந்துட்டாரு. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கிறாரு." அழுகைக்கு நடுவில் என் அழைப்புக்குறியை முழுசாகச் சொல்வார். பிறகு அதையும் விட்டுவிட்டு, "தாயி, தாயி" என்று என்னைக் கூப்பிடுவார். எம்புட்டு நேரமாக அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாரோ. என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்த நேரம் எது என்று யாராவது கேட்டால், மாடியில் இரும்பைக் கட்டிப்பிடித்து நின்றதைச் சொல்லமாட்டேன். மதினி பயப்படுவதைக் காதால் கேட்ட அந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

"இருக்கேன் மதினி" என்றேன். அந்தப் பக்கம் கேவிக் கேவி நடந்ததைச் சொன்னார். மாற்றுப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் முதலில் இறங்கியிருக்கிறார். பாறைக்குக் கீழே நின்ற மரத்தில் மின்னல் விழுந்து, அந்த அதிர்ச்சியில் பாறை இடுக்கில் உருண்டிருக்கிறார். நான் ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் கைபேசியுமாக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மதினி வழி சொல்லச் சொல்ல நான் ஓட்டுநருக்குத் திருப்பிச் சொன்னேன்: தார் ரோடு முடிகிற இடத்தில் மாட்டுத் தொட்டி, அதைத் தாண்டி வண்டித் தடம், தடம் முடிந்தால் வெள்ளைக் கார். இடையிடையே, "மூச்சு இருக்கா மதினி?" என்று கேட்பேன். "இருக்கு" என்பார். அந்தப் பதில் வர ஒரு நொடி தாமதித்தாலும் எனக்கு இந்தப் பக்கம் மூச்சு நின்றுவிடும். விளக்கோடு ஆட்கள் ஏறி வருகிறார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான், நான் தொப்பலாக நனைந்திருந்ததே எனக்குத் தெரிந்தது.

அண்ணன் பிழைத்துவிட்டார். காலில் கம்பி வைத்தார்கள், இடது காது கேட்காமலே போய்விட்டது. அதை வைத்து அவர் வேடிக்கை பேசுவார்: "உங்க மதினி பேசறதுல பாதிதான் இப்ப உள்ள போகுது." மதினி சிரிக்கமாட்டார். வீட்டுக்கு வந்த முதல் வேலையாகக் கொடியிலிருந்து இரண்டு நீலக் கிளிப்புகளை எடுத்து வந்தார். ஒன்று அவர் பெட்டிக்கு, ஒன்று என் பெட்டிக்கு. குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த அலையின் கேபிளில் கிளிப் இருக்க வேண்டும். கையால் கழற்றி மாட்டாமல் குமிழைத் தொடக் கூடாது. பேச ஆரம்பிக்கும் முன் ஒருவர், "கிளிப் எங்க?" என்று கேட்க, மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் சட்டம் போட்டவர் அதற்குப் பிறகு எந்தப் பாறையிலும் ஏறவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போவதில்லை. இப்போது வாசல் கதவை இரண்டாம் தடவை இழுத்துப் பார்ப்பது அவர். பின்னாலேயே போய் நானும் இழுத்துப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன்தான் பேச்சை எடுத்தார். "மானம் வெளுத்துக் கெடக்கு, மழ வராது. அந்தப் பாறைக்கே போயிட்டு வருவமா? நான் கீழ கார்லயே உக்காந்துக்கிறேன், நீ மட்டும் ஏறு." மதினி எழுந்து உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் டிரான்ஸ்வெர்ட்டர் இருந்தது. அவர்கள் கிளம்பிய பிறகு நான் மாடிக்குப் போய் ஆன்டெனாவை மலைக்கு இடது பக்கம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனாலும் இன்னும் வரவில்லையே, இன்னும் வரவில்லையே என்று எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு.

"தாயி, கிளிப் ரெண்டு மீட்டர்ல இருக்கு. தொட்டுப் பாத்துட்டேன். நீ இருக்கியா?"

"இருக்கேன் மதினி. என்னுதும் ரெண்டு மீட்டர்லதான்."

"உச்சியில நிக்கிறேன். கை நடுங்குது தாயி. சும்மா இருக்காத, எதையாச்சும் பேசு."

சேர் போடச் சொல்லலாமா என்று நினைத்தேன். வாய் வரவில்லை. "எனக்கும் நடுங்குது மதினி" என்றேன். பிறகு வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். இட்லி மாவு பொங்கி வழிந்ததைச் சொன்னேன், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னேன், மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை ஏறியதைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர், "ம்", "அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே பாறையைச் சுற்றி வந்தார். அண்ணன் விழுந்த இடுக்கைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அணைக்கிறேன். எறங்கி வாரேன் தாயி" என்றார்.

ரேடியோ அமைதியான பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. விரல் வலித்தபோதுதான் குனிந்து பார்த்தேன். எப்போது பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டினேனோ தெரியவில்லை, நீலக் கிளிப்பை அது இருந்த கேபிளோடு சேர்த்து இறுகப் பிடித்திருந்தேன். அதன் பற்கள் விரலில் பதிந்து தடம் சிவந்திருந்தது. வாசலில் கார் வந்து நின்று, இரண்டு கதவுகள் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தேன்.