லிஜி சொன்ன ஒரு குறை

லிஜி எந்தப் பொருளைப் பற்றி வீடியோ போட்டாலும் அதில் ஒரு குறை சொல்வாள். ஒன்றே ஒன்று. மிக்ஸி என்றால் வயர் நீளம் போதாது என்பாள். குக்கர் என்றால் விசில் சத்தம் கூடுதல் என்பாள். "எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, உள்ளதச் சொல்லுகேன்" என்று கண்ணைச் சுருக்கிச் சிரிப்பாள். குறையையே மறைக்காதவள் மற்றதில் ஏன் பொய் சொல்லப்போகிறாள் என்று நம்பி, பார்ப்பவர்கள் கீழே இருக்கும் லிங்கைத் தொடுவார்கள். அதன் வழியாக யார் வாங்கினாலும் அவளுக்குக் கமிஷன். அந்த மிக்ஸியில் அவள் ஒரு தேங்காய்ச் சில்லுகூட அரைத்ததில்லை.

நாங்கள் ஒரே பள்ளிக்கூடம். நான் பல ஊர்களில் வேலை பார்த்து, எதிலும் ஒட்டாமல், 2019இல் குளச்சலுக்கு மேற்கே உள்ள எங்கள் கடற்கரைக்குத் திரும்பியிருந்தேன். நாகர்கோவில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு லிஜி அப்போது இதையே தொழிலாக்கியிருந்தாள்.

"முதல்ல நானும் நம்பலன்னு சொல்லணும் பிள்ள. பெறவு ஒரு குறை. கடைசியில, இன்னும் கொஞ்சந்தான் பாக்கின்னு அவசரப்படுத்தணும். அவ்வளவுதான் வித்தை."

மிதவை பெல்ட் வீடியோவில் மட்டும் இன்னொன்றும் சேர்ந்தது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட் அது. கயிற்றை இழுத்தால் உள்ளே ஓர் ஊசி சின்னக் காஸ் குப்பியைக் குத்தும், காற்றுப் பை விரியும். ஒரு தடவைதான் விரியும். லிஜி வீட்டு முற்றத்தில் நின்று இழுத்துக் காட்டினாள். பிறகு ஓகி புயலில் திரும்பி வராத அப்பா ததேயுஸின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "எனக்க அப்பா இடுப்புல இது கெடந்திருந்தா..." என்று நிறுத்தினாள். அழுகை உண்மை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது முன்பே யோசித்தது. குறையாக, ஆரஞ்சு நிறத்தில் சீக்கிரம் அழுக்குப் பிடிக்கும் என்றாள்.

எங்கள் ஊரிலிருந்து கொச்சிக்குப் போய், அங்கிருந்து நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் ஆண்கள் பலரும் அந்த பெல்ட்டை வாங்கினார்கள். பருமனான லைஃப் ஜாக்கெட்டோடு வலை இழுக்க முடியாது. இது இடுப்பில் கிடப்பதே தெரியாது.

மழைக்காலம் முடிந்ததும், இன்னொரு வீடியோவுக்காக லிஜி வீட்டில் கிடந்த இரண்டாவது பெல்ட்டை இழுத்தாள். விரியவில்லை. பிரித்துப் பார்த்தாள். உப்புக்காற்றில் ஊசி துருவேறி ஒட்டிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு கிளாரா அக்காவின் மகனுடையதைக் கெஞ்சி வாங்கி இழுத்தாள். அதுவும் அப்படியே.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து கோயில் முன்னால் கொச்சி வேன் நின்றது. லிஜியின் தம்பி அஜினும் போகிறான். படகு ஓட்டும் ஜான்ரோஸ் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு லிஜி சொன்னாள், "மாமா, அந்த பெல்ட்ட நம்பிப் போவாதீங்க. துருப்பிடிச்சுப் போவுது. விரியாது."

"ஏட்டி லிஜி, வேற கம்பெனிக்காரன் கமிஷன் கூட்டித் தாறேன்னானா?" என்றான் அஜினின் கூட்டாளி ரெனிஷ், வேன் படியில் நின்றபடி. எல்லாரும் சிரித்தார்கள்.

"சத்தியமாட்டு சொல்லுகேன்!"

"நீ எல்லாத்துலயும் ஒரு குறை சொல்லுவல்லா மக்கா," என்றார் ஜான்ரோஸ்.

"அது சும்மா சொன்ன குறை மாமா. இது உள்ள குறை."

"உள்ளதச் சொல்லுகேன்னு அப்பவும் சொன்னியே!" என்றான் ரெனிஷ்.

"ஒரு பெல்ட்டு தாருங்க. இழுத்துக் காட்டுகேன்."

"இழுத்தா தீந்துச்சு. பெறவு கடல்ல உனக்க வீடியோவக் கெட்டிட்டா மெதக்க?" ஜான்ரோஸ் சிரிக்காமல் தணிந்த குரலில் சேர்த்தார். "தகப்பனுக்க படத்தப் பிடிச்சிட்டு எந்த மகளாவது பொய் சொல்லுவாளா? போ பிள்ள."

லிஜி அஜினின் பையிலிருந்து பெல்ட்டை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவின் கற்களில் ஓடினாள். "அக்கா, அது புதுசு, போன வாரந்தான் வந்துது!" என்று அஜின் கத்தியது அவள் காதில் விழவில்லை. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு யாரும் நீச்சல் கற்றுத் தந்ததில்லை. குதித்துவிட்டாள்.

விரியக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் கயிற்றை இழுத்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

விரிந்தது. அலைக்கு மேல் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று எழும்பியது. கரையில் விசிலும் கைதட்டலும். அஜின் குதித்து அவளை இழுத்து வரும்போது, "இது கடல் பாக்காதது... உங்களுக்குள்ளது பழசு" என்று உப்புத் தண்ணீரைத் துப்பியபடி அலறினாள்.

"கொள்ளாம் லிஜி, பழைய வீடியோவ விட இது கொள்ளாம்!" ரெனிஷ் முழுவதையும் போனில் பிடித்திருந்தான்.

அஜினின் பெல்ட் இனி உதவாது. அம்மா வியாகுலம்மாள் வீட்டிலிருந்து, பிடித்து மிதப்பதற்குக் காலி கேன் இரண்டைக் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள். கூட்டாளிகள் கேலி செய்ய, அவன் தலை கவிழ்ந்து வேனில் ஏறினான். ஜான்ரோஸ் தன் இடுப்பில் கிடந்த பெல்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஈரப் பாவாடையோடு லிஜி அவருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். முதல் முறை எடுத்துச் சிரித்தார். பிறகு எடுக்கவில்லை. படகு ஆழக்கடல் போய்விட்டால் எந்தப் போனும் எட்டாது.

தன் பழைய வீடியோவை அன்றே அழித்தாள். அதற்குள் ரெனிஷ் எடுத்தது கடற்கரை முழுக்கப் பரவியிருந்தது, அதன் கீழே யாரோ அவளுடைய லிங்கையும் ஒட்டியிருந்தார்கள். யாரோ வாங்குகிறார்கள் என்று அவள் போன் நிற்காமல் மணியடித்தது. கேட்பவர்கள் ஒவ்வொருவருக்கும், "வாங்காதீங்க, ஊசி துருப்பிடிக்கும், விரியாது" என்று பதில் எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், தெரியாத ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: "இவ்வளவு பெரிய குறையைக்கூட மறைக்காமச் சொல்றீங்களே அக்கா, அதனாலதான் உங்க லிங்க்லயே வாங்கினேன். என் வீட்டுக்காரர் இதைக் கட்டிக்கிட்டுதான் நாளைக்குக் கடலுக்குப் போறார்."

லிஜி போனை என் பக்கம் நீட்டினாள்.

"இவளுக்கு நான் என்னன்னுட்டி எழுதட்டு?"