ஏழாம் வாய்ப்பாடு

கோயிலில் செபமாலை சொல்வதுபோல, காலையில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரியும். யன்னல் பக்கம் வாய்ப்பாட்டைக் கேட்கும். கதவுப் பக்கம் பதில் சொல்லும். மீன்பிடிக் காலத்தில் தகப்பன்மாரோடு வேறு கரைக்குப் போய்விடும் பிள்ளைகள் தலைமன்னாரில் அதிகம். திரும்பி வரும்போது படித்ததெல்லாம் மறந்திருக்கும். தங்கள் பக்கத்தோடு சேர்ந்து சில நாள் சொன்னால் நினைவு வந்துவிடும்.

பார்வையிட வந்த அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை.

"டீச்சர், இது கிளிப்பிள்ளைப் பாடமெல்லோ?"

"விளங்கப்படுத்திப்போட்டுத்தான் சொல்ல வைக்கிறன், சேர். விளங்கினதும் மறக்கும்தானே?" என்றேன். குரல் உயர்ந்துதான் விட்டது.

கதவுப் பக்கத்தில் ஒரு பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டின் ஏழெட்டில் எப்போதும் தடுமாறுவாள். அந்த இடம் வந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு அவளைச் சொல்லவிடுவது வழக்கமாகிவிட்டது.

போன வருடம் அவளுடைய தகப்பன் கடலில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து பள்ளிக்கு வந்தவள் யாரோடும் பேசவில்லை.

"வீட்டிலயும் ஒரு கதை இல்லை, டீச்சர்" என்று தாய் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கச் சொன்னேன். அவள் வாய் அசையவே இல்லை.

"ஏழெட்டு?" என்றது யன்னல் பக்கம்.

கதவுப் பக்கம் வழக்கம்போல மௌனமானது. நான் தடுக்கவில்லை.

குனிந்த தலை நிமிராமல், "ஐம்பத்தாறு" என்றாள்.

"ஏழொன்பது?" என்றது யன்னல் பக்கம்.